ஜீயஸுக்கு ரிஜிஸ்தர் தபால்

ஜீயஸின் பெயருக்கு ரிஜிஸ்தர் தபால் அனுப்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெங்களூரு ஜோகுபாளையத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்குள், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். கிரேக்க நாட்டில் ஒருவருக்காவது அந்தத் துணிச்சல் வந்திருந்தால், பாறையில் கட்டுண்டு கழுகுக்கு ஈரலைக் கொடுத்துக்கொண்டு ஒருவனும், மலைமேல் கல்லை உருட்டிக்கொண்டு இன்னொருவனும் இத்தனை ஆயிரம் வருஷம் கிடந்திருக்க மாட்டார்கள்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் தெருவுக்கு அவர் அப்பீலு. ஒரு வக்கீலிடம் இருபத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்து, மேல்முறையீட்டு மனுக்களாக டைப் அடித்துத் தள்ளியவர். வக்கீல் ஒருநாள் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மகனோடு இருக்க வெளிநாடு போய்விட்டார். குமாஸ்தாவால் பழக்கத்தைக் கழற்ற முடியவில்லை. எந்தத் தீர்ப்பும் அவருக்குக் கடைசித் தீர்ப்பு இல்லை. டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்னபோது, மறுநாளே இரண்டு பக்கம் அடித்து எடுத்துக்கொண்டுபோய் டாக்டர் மேஜைமேல் வைத்தார். உத்தரவு ஒருதலைப்பட்சமானது, மனுதாரரின் நாக்கு விசாரிக்கப்படவே இல்லை, இறுதி முடிவு வரும்வரை காலைக் காபிக்கு மட்டுமாவது இடைக்கால நிவாரணம் வேண்டும். டாக்டர் முழுவதையும் படித்தார். அரை ஸ்பூன் வழங்கி உத்தரவிட்டார்.

நான் அவரிடம் மாட்டியது வாடகை ஒப்பந்தத்தால். இந்த ஊரில் வாடகைக்காரனின் ஆயுள் பதினோரு மாதம். அது முடிந்ததும் ஸ்டாம்ப் பேப்பரில் மறுபடி பிறந்தாக வேண்டும். ஜெராக்ஸ் கடையில் யாரும் ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதுவதில்லை. முன்பு யாருக்கோ செய்த ஃபைலைத் திறந்து, பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயரைப் போடுவார்கள். எங்காவது ஒரு மூலையில் பழைய ஆள் வெளியேறாமல் ஒளிந்துகொண்டிருப்பார். என் ஒப்பந்தத்தில் முதல் பக்கத்தில் நான் இருந்தேன். இரண்டாம் பக்கத்திலும் நான்தான். மூன்றாம் பக்கத்தில் பிலோமினா இருந்தார். ‘மேற்படி பிலோமினா மொட்டைமாடியில் கோழி வளர்க்கக் கூடாது.’

அதைச் சுட்டிக்காட்டினேன். அப்பீலு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“நீங்க கோழி வளக்கப்போறீங்களா சார்?”

“இல்லை.”

“அப்புறம் உங்களுக்கு இன்னா நஷ்டம்? தடை அந்தம்மாவுக்குத்தானே.”

கையெழுத்துப் போட்டேன். ஆறு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு முறை புதுப்பித்தபோதும் பிலோமினாவும் கூடவே புதுப்பிக்கப்பட்டார்.

கிரேக்கம் அந்தக் கடைக்கு வந்தது ஒரு மேஜைக் காலுக்கு முட்டுக்கொடுக்க. ஜெராக்ஸ் மெஷின் இருந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை. யாரோ எடைக்குப் போட்ட புத்தக மூட்டையிலிருந்து, குட்டைக்குச் சரியான தடிமனில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை, முதல் பக்கங்கள் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. ஒரு மழை வாரத்தில் மூன்று நாள் கரண்ட் போயிற்று. வேலை ஓடாத கையோடு அப்பீலு குனிந்து அந்தப் புத்தகத்தை உருவினார். மேஜை நொண்டியது. அவர் படிக்கத் தொடங்கினார். மேஜை அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

மற்றவர்கள் கிரேக்கப் புராணத்தைக் கதையாகப் படிப்பார்கள். அப்பீலு அதைக் கேஸ் கட்டாகப் படித்தார். தெய்வங்களின் அழகோ, கடல்களின் நீலமோ, இடியைக் கையில் பிடித்த அரசனின் தாடியோ அவர் கண்ணில் படவில்லை. தண்டனைகள் மட்டும் பட்டன. விசாரணை இல்லாத தண்டனை, சாட்சி இல்லாத தண்டனை, கால வரம்பு இல்லாத தண்டனை. கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோயிருந்ததால் அந்தக் கேஸ்கள் எதுவும் இன்னும் முடியவில்லை என்பது அவர் கட்சி. ஆகவே கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் திறந்தார். பெயர்: ‘கிரீக் பெண்டிங்’.

முதல் மனு புரோமிதியஸுக்கு. மனுதாரர் முகவரி: காக்கசஸ் மலை, பாறை, கதவு எண் இல்லை. வயது: மேஜர். தொழில்: முன்பு களிமண்ணில் மனிதர்களைச் செய்தல், தற்போது இல்லை. ‘நெருப்பைத் திருடியதாக என் கட்சிக்காரர்மேல் குற்றம். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு குறைவதில்லை. எதிர்மனுதாரரான ஜீயஸிடம் இருந்த நெருப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. பொருள் குறையாத இடத்தில் திருட்டு எங்கே?’ இதைப் படித்துவிட்டு நான் கடை வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதை எழுதுகிறவன் என்று நெருப்பைப் பற்றி நானும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒரு வரியும் இந்த அளவு சுட்டதில்லை.

டீக்கடையில் இதைப் பற்றி நாள்கணக்கில் விவாதம் நடந்தது. கழுகையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டாமா என்று ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் கேட்டார். அப்பீலு தலையை ஆட்டினார். “கழுகு கான்ட்ராக்ட் லேபர்ப்பா. சொன்ன வேலைய செய்யுது. அது மேல கேஸ் இல்ல.”

டான்டலஸின் கதையைச் சொன்னபோதுதான் தெரு முழுவதும் அவர் பக்கம் வந்தது. கழுத்து மட்டும் தண்ணீருக்குள் நிற்கிறான். குடிக்கக் குனிந்தால் தண்ணீர் இறங்கிவிடுகிறது. காவிரி பைப்படியில் குடத்தோடு காத்திருந்த பெண்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் எந்த வார்டு என்று மட்டும் கேட்டார்கள்.

படித்த நண்பர் ஒருவர் என்னிடம் சிரித்தார். கிரேக்கம் எங்கே, ஜோகுபாளையம் எங்கே, அந்தத் தெய்வங்களுக்கும் இந்தத் தெருவுக்கும் என்ன ஒட்டு என்று கேட்டார். அநியாயத்துக்கு யாராவது பாஸ்போர்ட் கேட்பார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். நாங்கள் சாமிமேல் கோபம் வந்தால் ஒரு பிடி மண்ணை வாரிக்கொண்டு கோயில் வாசலில் போய் நிற்கிற ஜனம். எங்கள் சாமியையே நேருக்கு நேர் கேட்கிறவர்கள் அடுத்தவர் சாமியை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? தவிர, அந்தத் தெய்வங்கள் ஒன்றும் அங்கேயே தங்கிவிடவில்லை. கிளினிக் போர்டில் கோலைச் சுற்றிய பாம்பு அவர்களுடையது. கோர்ட்டில் தராசு பிடித்து நிற்கும் அம்மாள் அவர்கள் வீட்டுப் பெண். ஷூவுக்கும் ராக்கெட்டுக்கும் அவர்கள் பெயர். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை உலகம் ஓடுவதும் தாண்டுவதும் ஜீயஸின் பெயரில் அவர்கள் தொடங்கிய பந்தயம். “உலகம் பூரா அவங்க போர்டுதான் சார்,” என்பார் அப்பீலு. “ஒரு கேள்வி கேக்கத்தான் ஆள் இல்ல.”

எந்தக் கோர்ட்டில் தாக்கல் செய்வது என்பதுதான் சிக்கல். பழக்கமான வக்கீல்கள் இவரைக் கண்டால் மரத்துக்குப் பின்னால் மறைந்தார்கள். கடைசியில் முதல் கட்டமாக எதிர்மனுதாரருக்கே நோட்டீஸ் அனுப்புவது என்று முடிவாயிற்று. ஜீயஸ், ஒலிம்பஸ் மலை உச்சி, கிரீஸ் என்று முகவரி எழுதி, ஒப்புகை அட்டை இணைத்து, அல்சூர் தபால் ஆபீஸில் வரிசையில் நின்று அனுப்பினார். ஐந்து மாதம் கழித்து அது திரும்பி வந்தது. உறை முழுக்க நமக்குப் புரியாத எழுத்தில் முத்திரைகள், மூலைகளில் பல தேசத்து மழை. நான் அனுதாபத்தோடு பார்த்தேன். அவரோ தெருவுக்கெல்லாம் பொங்கல் கொடுக்கிற முகத்தோடு இருந்தார்.

“கிரீஸ் வரிக்கும் போயிட்டு வந்துகீது சார். வாங்க மறுத்தா நோட்டீஸ் சர்வீஸ் ஆனதா அர்த்தம். சட்டம்.”

அந்த வருஷம்தான் பழைய மெட்ராஸ் ரோடு பக்கம், இழுத்து மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலை நிலத்தில் ஐந்து கோபுரங்கள் எழுந்தன. அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. கிரேக்கத் தெய்வங்கள் குடியிருக்கும் மலையின் சாயலில் ஒன்று. கோபுரங்களுக்கு ஜீயஸ், ஹீரா, பொசைடன், அப்போலோ, அதீனா. வாசலில் வெள்ளைத் தூண்கள், தூண்களுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்திய சிமென்ட் தாடிக்காரர். அப்பீலு அந்த விளம்பரப் பலகைக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றதை நானே பார்த்தேன். பஸ்கள் அவரை உரசிக்கொண்டு போயின. திரும்பி வந்தவர் மெதுவாகச் சொன்னார்: “எதிர்மனுதாரரு நம்ம ஏரியாவுக்கே குடிவந்துட்டாரு சார். இனிமே எந்தக் கோர்ட்டுங்கற ஜூரிஸ்டிக்‌ஷன் பிரச்சினை இல்ல.”

எல்லோரும் சிரித்தோம். அடுத்த சங்கராந்திக்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

எங்கள் பின் சந்தில் செல்வி இருந்தாள். அதீனா கோபுரத்தில் நான்கு வீடுகளில் சமையலும் பாத்திரமும். விடிவதற்கு முன் தன் வீட்டு வாசலில் அவள் போடுகிற சிக்குக் கோலத்தைத் தாண்டித்தான் நான் பால் வாங்கப் போவேன். தாண்டுவது என்பது பொய். சுவரோரமாக ஒட்டிக்கொண்டு சுற்றிப் போவேன். ஒரே இழை. எங்கே தொடங்கியது என்று தெரியாது. எந்தப் புள்ளியையும் தொடாமல், எந்தப் புள்ளியையும் விடாமல், எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு வந்து தன் வாலைத் தானே பிடித்துக்கொள்ளும். அவள் கையில் மாவு கொட்டுகிறதா, அல்லது தரைக்குள் இருந்த கோடு அவள் விரலைப் பார்த்து எழுந்து வருகிறதா என்று எனக்குச் சந்தேகம்.

சங்கராந்திக்கு அந்தக் குடியிருப்பில் ரங்கோலிப் போட்டி. குடியிருப்பவர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். அவள் வேலை பார்க்கும் பதினான்காம் மாடி மேடம் தன் பெயரைக் கொடுத்துவிட்டு, செல்வியை அழைத்துக்கொண்டு கீழே வந்தார். மேடம் மாவுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், செல்வி குனிந்தாள். இருபத்தொரு புள்ளி, ஒரே இழை, வெள்ளையைத் தவிர வேறு நிறம் இல்லை. பக்கத்தில் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அம்மாள் மயில் அச்சு வைத்து ஏழு நிறத்தில் போட்டிருந்தார். முதல் பரிசு வெள்ளைக்குப் போயிற்று. யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், செல்வி கோலம் போடுகிற வீடியோவை வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். குடியிருப்பவர் போட்ட கோலம் இல்லை என்று பரிசு ரத்தாயிற்று.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கேட்டில் காவலாளியின் திரையில் அவள் முகத்துக்குக் கீழே சிவப்பு எரிந்தது. உள்ளே விடக்கூடாது. காரணம் என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை: மிஸ்காண்டக்ட். நடத்தை சரியில்லையாம். பதினான்காம் மாடி மேடத்துக்குப் போன் போட்டாள். கமிட்டி முடிவு, நான் என்ன செய்ய முடியும் என்றார் மேடம். நான்கு வீடும் ஒரே பொத்தானில் போயிற்று. பக்கத்துக் குடியிருப்புகளில் வேலை கேட்டால், அங்கே ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டார்கள். மிஸ்காண்டக்ட் என்றால் யாருக்கும் கோலம் ஞாபகத்துக்கு வருவதில்லை. நகைதான் வருகிறது.

ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தவள், மெஷின் வெளிச்சம் போய்த் திரும்புவதற்குள் அழுதுவிட்டாள். “திருடின்னு நெனைக்கிறாங்கண்ணா. பொருளு காணோம்னு சொன்னாக்கூட இன்னா பொருளுன்னு கேக்கலாம். ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாங்க.”

அப்பீலு மெஷினை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, பழைய கட்சிக்காரரின் பெயரைச் சொல்வதுபோல, “அராக்னி,” என்றார்.

அவளை ஸ்டூலில் உட்காரவைத்து அந்தக் கதையைச் சொன்னார். நெசவு நெய்கிற ஒரு சாதாரண வீட்டுப் பெண். அதீனா என்ற தெய்வத்தைவிட நன்றாக நெய்வேன் என்று சொன்னாள். தெய்வமே வந்து போட்டிக்கு உட்கார்ந்தது. இரண்டு தறி. பெண் நெய்ததில் தெய்வத்தால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. துணியைக் கிழித்து, அவளை அடித்து, கடைசியில் சிலந்தியாக மாற்றிவிட்டது.

செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அந்தப் பொண்ணு நெய்ஞ்சது நெசமாவே நல்லா இருந்துச்சா?”

“சாமி நெய்ஞ்சதவிட நல்லா இருந்துச்சி. அதான் குத்தம்.”

“அதுக்கு இன்னாத்துக்குப் பூச்சியாக்கணும்?”

“அதுக்குத்தாம்மா அப்பீலு.”

‘கிரீக் பெண்டிங்’ ஃபோல்டரில் அராக்னியின் மனு மூன்று வருஷமாகத் தயாராக இருந்தது. அதைத் திறந்தார். அராக்னி இருந்த இடத்தில் செல்வி வந்தாள். நெசவு கோலமாயிற்று, தறி தரையாயிற்று. அதீனாவை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆறு பக்கம். ஒரு மனிதரின் வாயைத் திறக்க விடாமல் அவர்மேல் தீர்ப்பு எழுதக் கூடாது என்ற இயற்கை நீதி அதில் மூன்று இடத்தில், தடித்த எழுத்தில் வந்தது. செல்வி கையெழுத்துப் போட்டாள். தபாலில் போடலாமே என்றேன். கைக்கு எட்டுகிற சாமிக்கு எதற்குத் தபால் என்றார்.

கேட்டில் இருந்த காவலாளி ஒடிசா பக்கத்துப் பையன். நோட்டில் பெயர் எழுதச் சொன்னான். யாரைப் பார்க்க என்ற இடத்தில் அப்பீலு ‘அதீனா’ என்று எழுதினார். எந்த ஃபிளாட் என்று கேட்டான். எல்லா ஃபிளாட்டும் என்றார். உள்ளே விடவில்லை. மனுவை மட்டும் வாங்கிக்கொண்டான். ஒப்புகைக் கையெழுத்தும் போட்டான். அடுத்த வாரம் ஒரு நினைவூட்டல். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. அதில் அப்பீலு, மௌனமும் ஓர் உத்தரவுதான், அதன்மீதும் அப்பீல் போக எனக்கு உரிமை உண்டு என்று எழுதியிருந்தார். இதற்கு முடிவே இருக்காது என்று புரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள்.

சாட்சியாக என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எதற்குச் சாட்சி என்று சொல்லவில்லை. அவர் சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளைச் சட்டையில் இருந்தார். செல்வியை கிளப் ஹவுஸ் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள்.

உள்ளே நீள மேஜை, ஏழு பேர். தலைவர், மல்லேஸ்வரத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்துவிட்டு மகளோடு இருக்க இங்கே வந்த ஓய்வுபெற்ற அதிகாரி. தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். இடையில் யாருக்கும் தெரியாமல் மாறிவிடுவார். செயலாளர் அம்மாள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்காம் மாடி மேடம் கடைசி நாற்காலியில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் மனுவைச் சத்தமாகப் படித்தார். கோர்ட்டில் வேலை பார்த்த மனிதரின் இங்கிலீஷ் அது. அதிலேயே ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. முதல் இரண்டு பக்கம் முடிவதற்குள் மேஜையைச் சுற்றி முதுகுகள் நிமிர்ந்தன. ஐந்தாம் பக்கத்தில் ஒருவர் தண்ணீர் குடித்தார். ஆறாம் பக்கத்தில் வேண்டுகோள்கள். ஒன்று, மனுதாரர்மீதான தடையை நீக்க வேண்டும். இரண்டு, மிஸ்காண்டக்ட் என்ற வார்த்தையை நீக்கி அதை எழுத்தில் தர வேண்டும்.

மூன்று, மனுதாரரைச் சிலந்தி உருவிலிருந்து மீண்டும் மனித உருவுக்கு மாற்ற வேண்டும்.

பிலோமினா. பழைய ஃபைலின் மூலையிலிருந்து வெளியேறாத பழைய ஆள். எங்கே வரக் கூடாதோ அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். அது பக்கத்து நாற்காலிக்குப் பரவி, மேஜையைச் சுற்றி வந்தது. செயலாளர் அம்மாளும் போனிலிருந்து நிமிர்ந்து சிரித்தார். கண்ணாடிக்கு வெளியே செல்வி இந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்காது. வாய்கள் திறந்து மூடுவது மட்டும் தெரியும். மூன்று வாரத்து உழைப்பு, நான்கு வீட்டு அடுப்பு, ஒரு பெண்ணின் பெயர், எல்லாம் அந்த ஒரு வரியில் வழுக்கி விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஸாரி சார், பழைய ஃபைல், டைப்பிங் மிஸ்டேக் என்று அவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இது என்னப்பா, சிலந்தின்னு போட்டிருக்கே?”

அப்பீலு எழுந்தார். சட்டைப் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“கரெக்டாத்தான் போட்டிருக்கு சார். மனுசியா இருந்தா, ‘இன்னாம்மா நடந்துச்சி’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்க. பூச்சியத்தான் ஒண்ணும் கேக்காம தட்டிவுடுவாங்க. நீங்க தட்டிவுட்டீங்க. அதான், மறுபடி மனுசியா மாத்திக் குடுங்கன்னு கேக்குறோம். இதுல சிரிக்க இன்னா கீது?”

சிரிப்பு நின்றது. தலைவர் ஆறாம் பக்கத்தை மறுபடி மனசுக்குள் படித்தார். பிறகு அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிடுங்கள் என்றார்.

செல்வி செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள். அந்தக் கோலத்தைப் போட்டது யார் என்று தலைவர் கேட்டார். பதினான்காம் மாடி மேடம் ஜன்னலை இன்னும் ஆழமாகப் பார்த்தார். மன்னிச்சிடுங்க சார் என்று அவள் தொடங்கியிருக்கலாம். அந்த மேஜை அதைத்தான் எதிர்பார்த்தது. அந்த வார்த்தைக்கென்று நடுவில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தது. அவள் செயலாளர் அம்மாளை நேராகப் பார்த்தாள்.

“நான்தான் போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சி.”

பரிசு ரத்தானது ரத்துதான், விதி விதிதான் என்று செயலாளர் அம்மாள் சொன்னார். அதை யாரும் மறுக்கவில்லை, செல்வியும் பரிசு கேட்டு வரவில்லை. ஆனால் விதியை மீறியது பெயர் கொடுத்தவரா, மாவு போட்டவரா என்று தலைவர் கேட்டார். மற்றவர்கள் மேஜையைப் பார்த்தார்கள். தடை அன்றைக்கே நீங்கியது. மிஸ்காண்டக்ட் என்ற வார்த்தை நீங்கியது என்று சங்கத்தின் தாளில், தலைவர் கையெழுத்தோடு வந்தது. மூன்றாவது வேண்டுகோளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனால் நாங்கள் கிளம்பும்போது தலைவர் வாசல்வரை வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டிருந்த செல்வியிடம், “போயிட்டு வாம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவதும் கிடைத்துவிட்டது என்று அப்பீலு தன் பிரதியில் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில், சிமென்ட் தாடிக்காரரைத் தாண்டியதும் கேட்டேன். அந்தச் சிலந்தி வேண்டுமென்றே விட்டதா?

“எங்க சார். அராக்னின்னு தேடி மாத்தினேன். ஸ்பைடர்னு தேட மறந்துட்டேன்.” கொஞ்ச தூரம் நடந்தார். “ஆனா அப்பீல்ல வந்தவன் தப்ப ஒத்துக்கக் கூடாது.”

திங்கட்கிழமை செல்வி கேட்டில் நின்றாள். திரையில் பச்சை எரிந்தது. நேராக உள்ளே போய் மூன்று வீட்டு வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். பதினான்காம் மாடியிலிருந்து போன் மேல் போன் வந்ததாம். ஏன் போகவில்லை என்று தெருவில் கேட்டார்கள். “அவங்கள நான் பிளாக் பண்ணிட்டேன்,” என்றாள்.

அப்பீலு அராக்னியின் கட்டை எடுத்து மேலே சிவப்பு மையில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதி, தனியாக ஓர் ஆணியில் மாட்டினார். மற்றவை நிலுவையில். ஒன்றில் ஜெயித்தாகிவிட்டது, இனிமேல் புரோமிதியஸுக்கு இதையே முன்னுதாரணமாகக் காட்டலாம் என்றார். யாரிடம் காட்டுவது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு முகவரி வைத்திருப்பார்.

பிறகு கடை இருந்த கட்டடத்தை இடித்தார்கள். அதற்கும் அவர் ஒன்பது பக்கத்தில் அப்பீல் போட்டார். தோற்றார். தோற்றதன்மீது இன்னொன்று போட்டுவிட்டு, சந்தாபுராவில் தம்பி வீட்டுப் பக்கம் வேறொரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டார். போன மாதம் பேசினேன். கல் உருட்டுகிற சிசிபஸுக்காக, அந்தக் கல்லைப் பாதி மலையிலேயே நிறுத்திவைக்க இடைக்காலத் தடை கேட்டிருக்கிறாராம். மேஜை எப்படி என்று கேட்டேன். இதுவும் நொண்டுகிறது, ஆனால் புத்தகத்தைத் தர மாட்டேன் என்றார்.

நான் இப்போது மல்லேஸ்வரத்தில் இருக்கிறேன். வாடகை ஒப்பந்தம் போனிலேயே முடிந்தது. பெயர், முகவரி, தேதி, எல்லாம் தானாக நிரம்பி அச்சாகி வந்தது. முதல் பக்கத்தில் நான், இரண்டாம் பக்கத்தில் நான். மூன்றாம் பக்கத்தை விளக்கடியில் வைத்து மூன்று முறை தேடினேன். அங்கேயும் நான் மட்டும்தான்.

பென்சிலை எடுத்து, ஓரத்தில் சின்னதாக ‘பிலோமினா’ என்று எழுதிவைத்தேன்.